மாயாவி தமிழரான வரலாறு

தேர்வுத்தாள் திருத்தும் பணி முடிந்தபின் வரும் கோடை நாள்களில், கல்பாக்கத்தில் முற்பகல் பதினொன்றுக்கு மேல் வெளியே தலைகாட்ட இயலாது. மாலையில் கடற்காற்று புகும்வரை கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதே வழக்கம். அந்தப் பகற்பொழுதுகளை இம்முறை, ஒரு காலத்தில் வகுப்பறையில் நின்று நாமே பழித்த பொருள்களோடு கழித்தோம். சில சாகசத் திரைப்படங்கள், மகளின் கணினியில் இரண்டு விளையாட்டுகள், பரணிலிருந்து இறக்கிய தகரப்பெட்டி நிறையச் சித்திரக்கதை இதழ்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியது, தமிழாசிரியர்க்கே உரிய நோய் காரணமாகப் பெயராராய்ச்சியில் வந்து நின்றது.

பெட்டியில் மேலாக இருந்தது முத்து காமிக்ஸ் இதழ் ஒன்று. அட்டையின் பாதியைக் கரையான் தின்றிருந்தது. எஞ்சிய பாதியில் அந்தரத்தில் ஓர் இரும்புக் கை மட்டும் மிதந்தது. இந்தக் கையைத் தெரியாதவர்கள் எங்கள் தலைமுறையில் குறைவு. இதன் பிறப்பிடம் இலண்டன். 1962 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற தொடராக அது வெளிவந்தது. கதையை முதலில் கென் புல்மரும் பின்னர் டாம் டல்லியும் எழுதினர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. லூயி கிராண்டேல் என்பவன் ஓர் அறிவியலாளரின் உதவியாளன். வலக்கையை முன்பே இழந்து, உருக்காலான கையைப் பொருத்திக்கொண்டவன். ஆய்வகத்தில் நேர்ந்த விபத்தில் மின்சாரம் அவன் உடலில் பாய, அந்தக் கை நீங்கலாக முழு உடலும் கண்ணுக்குத் தெரியாமற்போகிறது. சற்று நேரத்தில் அந்த ஆற்றல் தேய்ந்துவிடும். மீண்டும் மறைய வேண்டுமாயின் மீண்டும் மின்சாரம் பாய்ந்தாக வேண்டும்.

அவன் தொடக்கத்தில் வீரன் அல்லன். கிடைத்த ஆற்றலைக் கொண்டு திருடவும் அச்சுறுத்தவும் தொடங்கிய குற்றவாளி. உளவுப் படையில் சேர்ந்து நல்லவனாவது பிற்பாடு. இதை நினைவில் நிறுத்திக்கொண்டு, சிவகாசியில் அவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள்.

1972இல் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி' என்னும் தலைப்பில்தான் வந்தது. இதழின் தொடக்ககால ஆசிரியர், குழந்தை எழுத்தாளர் முல்லை தங்கராசன். மூலத் தலைப்பில் உள்ள சொல் நகத்தை, பற்றும் உகிரைக் குறிப்பது. 'இரும்பு நகம்' என்றோ 'உருக்குக்கரம்' என்றோ பெயர்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தமிழில் ஓர் ஆள் முளைத்தான்: மாயாவி. இராமாயணம் படித்தவர்க்கு இச்சொல் புதிதன்று. வாலியோடு போரிட்டு ஆற்றாமல் பிலத்துக்குள் ஓடிப் புகுந்த அசுரன் பெயர் மாயாவி. மாயம் செய்து மறைபவன், அரக்கர் குலத்தவன், அஞ்சத்தக்கவன். குற்றவாளியாகத் தொடங்கிய லூயி கிராண்டேலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை ஆங்கிலத்திலும் யாரும் வைக்கவில்லை என்பது எம் துணிபு.

அடுத்து 'தி ஃபேன்டம்'. அமெரிக்கர் லீ ஃபாக் 1936இல் தொடங்கிய நாளிதழ்த் தொடர் அது. 1964இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கிய பிறகு இந்நாட்டில் வேரூன்றியது. அங்கும் பெயர்களில் கைவைத்தார்கள். மூலத்தில் அவன் வாழும் காட்டு நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டுவதாக இருந்தமையால், அதை டெங்காளி என்று மாற்றினர். தமிழில் முத்து காமிக்ஸ் அவனை வேதாளர் என்றழைத்தது. இந்த ஓர் எழுத்தை நாம் பல ஆண்டுகளாக வியந்து வருகிறோம். வேதாளம் என்பது விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கதை சொல்லி மீண்டும் முருங்கை மரத்துக்கே போய்விடும் பேய், அஃறிணை. அதன் ஈற்று மகரத்தை நீக்கி, மதிப்புப் பன்மையின் ரகரத்தைச் சேர்த்த அளவில் பேய் உயர்திணை ஆயிற்று. மரியாதைக்குரிய பெரியவரும் ஆயிற்று. சொற்புணர்த்த அந்த அன்பர் யாரென இதழில் போடவில்லை. மொழிபெயர்ப்பாளர் பெயரை அச்சிடும் வழக்கம் அந்நாளில் அங்கு இல்லை.

1984 ஜூலையில் ஒரே நேரத்தில் இரண்டு இதழ்கள் பிறந்தன. சிவகாசியில், சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் பள்ளிப் பருவம் தாண்டிய கையோடு ஆசிரியராக அமர்ந்த லயன் காமிக்ஸ் ஒன்று. தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் மற்றொன்று. ராணி காமிக்ஸ் 1990 தொட்டு அதே ஃபேன்டத்தை வெளியிட்டது. ஆனால் வேதாளர் என்று சொல்லாமல் 'முகமூடி வீரர் மாயாவி' என்றது. விளைவாக, எங்கள் பள்ளியில் மாயாவி என்றால் எந்த மாயாவி என்று சண்டை மூண்டது. இரும்புக்கையா, முகமூடியா? ஒருவருக்கொருவர் பேச்சை நிறுத்திக்கொண்டதும் உண்டு. இரண்டு பதிப்பகங்கள் தம்முள் கலந்து பேசாமலே ஒரே சொல்லை எடுத்தன என்றால், அச்சொல் தமிழ்ச் சிறுவர் காதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். மலையாளத்திலும் பாலரமா இதழின் புகழ்பெற்ற சித்திரக்கதை நாயகன் பெயர் மாயாவி. அவன் குழந்தைகளுக்கு உதவும் ஒரு குட்டிச்சாத்தான்!

ஆக அசுரன், வேதாளம், குட்டிச்சாத்தான். நம் மக்கள் தங்கள் வீரர்க்குத் தெய்வங்களின் பெயர்களை இடவில்லை. இருட்டில் உலவுவனவற்றின் பெயர்களை இட்டார்கள். தெய்வங்களுக்குக் கோயில் இருக்கிறது, பதிகம் இருக்கிறது. மறைந்து திரிபவனும் முகம் காட்டாதவனும் பாட்டிமார் கதைகளில் எந்தப் பக்கம் நின்றார்களோ, அந்தப் பக்கமே பெயரும் வந்தது. முதலில் அஞ்ச வேண்டும், பிறகு நட்புக் கொள்ள வேண்டும். அது ஒரு முறை.

2025இல் வெளிவந்த 'லோகா' என்னும் மலையாளப் படத்தை இவ்விடுமுறையில் பார்த்தபோது இந்த எண்ணம் உறுதிப்பட்டது. டொமினிக் அருண் இயக்கம். கல்யாணி பிரியதர்ஷன் நாயகி. கேரள நாட்டார் கதைகளில் வழிப்போக்கரின் குருதி குடிக்கும் கள்ளியங்காட்டு நீலிதான் அதில் மக்களைக் காக்கும் ஆற்றல்மிக்க பெண்ணாக வருகிறாள். அரங்கில் இளையோர் வியந்திருக்கக்கூடும். தமிழிலக்கியம் படித்தவர்க்கு இது பழைய செய்தி. பழையனூர் நீலி வணிகனைப் பழிவாங்கிய பேய். அவளையே சமணர் எடுத்து, மனந்திருத்தி, வாதில் வல்ல அறிவுச்செல்வியாக்கி ஒரு காப்பியமே செய்தார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசி அது. பேயைத் தலைவியாக்கும் வேலையை இந்நிலம் முன்பே செய்திருக்கிறது. ஒளிப்பதிவும் சண்டைகளும் நன்று. பின்பாதி சற்றே நீளம். ஆயினும் இவ்வகைப் படங்களில் அண்மையில் நமக்கு மிகவும் பிடித்தது இதுவே. இதற்கடுத்து, 2021இல் வந்த 'மின்னல் முரளி'. ஒரே மின்னல் தையற்காரர் ஒருவரையும், ஊரார் ஒதுக்கிய ஒருவரையும் தாக்குகிறது. ஒருவர் வீரர், மற்றவர் பகைவர். அந்தப் பகைவராக நம்மூர் குரு சோமசுந்தரம் நடித்திருக்கும் விதத்துக்காகவே இரண்டாம் முறையும் பார்க்கலாம். மின்சாரம் பாய்ந்து ஆற்றல் பெறுவது என்றவுடன் நமக்கு இரும்புக்கை நினைவு வந்ததையும் சொல்ல வேண்டும்.

கல்பாக்கத்துச் சிறுவர்க்கு அந்த இரும்புக்கை ஏனைய ஊர்ச் சிறுவர்க்குப் போல வெறுங்கதையாக இருக்கவில்லை. இவ்வூர் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது, இரண்டாவது 1985இல். நாங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பருவத்தில் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. சாலையோரத்தில் உயர்ந்த கோபுரங்களும், அவற்றில் தொங்கிய தடித்த கம்பிகளும், மழைநாளில் அவற்றிலிருந்து எழும் 'உம்ம்' என்னும் ஒலியும் எங்களுக்கு மாயாவியின் உணவாகத் தோன்றின. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் இடிந்த சுவர்களுக்குள் எங்கள் விளையாட்டு நடக்கும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை விரல் விரலாகச் சுற்றிக்கொண்டவன் மாயாவி. மற்றவர்கள் அவன் கையைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்று நடிக்க வேண்டும். இந்த நடிப்புப் போதாதென்று, எங்களுள் ஒருவன் வீட்டு மின்செருகியில் கம்பியை விட்டுப் பார்த்தான். கை வெந்து மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தான். அவன் மறையவில்லை, அவனுடைய புத்தகங்கள் அத்தனையும் அன்று மாலையே அடுப்பில் மறைந்தன. எம் பெட்டி தப்பியது, அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதனால்.

லயன் காமிக்ஸ் புகழ் பெறச் செய்தவர்களுள் ஸ்பைடர் முதன்மையானவர். கூர்ந்த காதும் வலைத்துப்பாக்கியுமாகக் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக விரும்பியவர். பின்னர் நீதிக் காவலரானவர். அமெரிக்கச் சிலந்தி மனிதருக்கும் இவருக்கும் உறவில்லை. 1965இல் பிரிட்டனின் 'லயன்' இதழில் தோன்றிய இவர் கதைகளைத் தொடக்கத்தில் எழுதியவர் டெட் கோவன். ஓவியர் ரெஜ் பன். பின்னர் அக்கதைகளைப் பல காலம் எழுதியவர் ஜெர்ரி சீகல். இந்தப் பெயரை நாம் அறிந்தது முப்பது வயதுக்கு மேல். 1938இல் வெளியான சூப்பர்மேனை, ஓவிய நண்பர் ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து படைத்தவர் இவர். முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னாளில் வழக்காடி அலைந்தவர். அத்தகையவர் கடல் கடந்து ஒரு பிரிட்டன் வார இதழுக்கு எழுதிய கதைகளைச் செங்கற்பட்டுப் பழைய புத்தகக்கடையில் பாதி விலைக்கு வாங்கிப் படித்திருக்கிறோம். பிரிட்டன் இதழிலும் ஆசிரியர் பெயர் கிடையாது, சிவகாசி இதழிலும் கிடையாது. உலகின் முதல் அதிமனிதரைப் படைத்தவர் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான சிறுவர்க்கு எழுத்தாளராக இருந்தார். அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இவற்றைப் படித்தவரே இவற்றைப் பழித்தது எங்ஙனம் என்று கேட்பீர்கள். முதுகலை படித்து, வேலையிலும் அமர்ந்தபின் வரும் பெருமிதம் ஒரு தனி வகை. 1954இல் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் வெர்தாம் என்னும் உளநோய் மருத்துவர், சித்திரக்கதைகளே சிறுவரைக் கெடுக்கின்றன என்று நூலெழுதினார். பதிப்பகங்கள் அஞ்சித் தமக்குத் தாமே தணிக்கை விதி வகுத்துக்கொண்டன. மறு ஆண்டே பிரிட்டன் சட்டம் இயற்றியது. இங்கே சட்டம் தேவைப்படவில்லை, ஆசிரியரின் மேசை இழுப்பறை போதுமானதாக இருந்தது. நாமும் அந்த வழியில் நின்றோம். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 'நான் விரும்பிய நூல்' என்று முதலாமாண்டு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி கொடுத்தபோது, கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் ஸ்பைடர் கதையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார். தம் வீட்டில் இருந்த ஒரே புத்தகம் அதுதான் என்றும், அதைப் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகியதாகவும் எழுதியிருந்தார். சிவப்பு மையால் கோடிட்டு 'இது நூலன்று' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தோம். மறுவாரம் அவர் மு.வ. நாவல் ஒன்றைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். வழிகாட்டி நூலிலிருந்து வரிக்கு வரி எடுத்தது. அதற்கு மதிப்பெண் தந்தோம். முதற்கட்டுரையில் எழுத்துப்பிழைகள் இருந்தன, ஆனால் அதை எழுதியவர் அவர். பரண் பெட்டியைப் பற்றி அன்று அந்த வகுப்பில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

2023இல் வந்த மடோன் அஸ்வினின் 'மாவீரன்' இந்தப் பழைய கணக்கைக் கிளறிவிட்டது. சிவகார்த்திகேயன் அதில் நாளிதழுக்குச் சித்திரக்கதை வரையும் கோழை. வானை நோக்கியவாறே அவர் ஒரு குரலைக் கேட்கத் தொடங்குகிறார். அந்தக் குரல் அவரைத் தாம் வரைந்த வீரனாகவே எண்ணி, இப்போது அவன் என்ன செய்கிறான் என்று வருணித்துக்கொண்டே போகிறது. விஜய் சேதுபதி கொடுத்த குரல். அரங்கம் சிரித்ததற்குக் காரணம் அந்தக் குரல் பேசும் தமிழ்: சித்திரக்கதைக் கட்டங்களின் மேல்விளிம்பில் வரும், ஒற்று மிகுந்த, பேச்சுவழக்கு கலவாத நடை. அந்த நடையை நாங்கள் கற்றது நன்னூலில் அன்று. 'மறுகணம்', 'அதே வேளையில்', 'சற்றைக்கெல்லாம்' என்னும் சொற்களெல்லாம் எமக்கு அறிமுகமானது அந்தச் சதுரங்களில்தான். வீடிழந்த எளியோர் கதையாகவும் அப்படம் நன்று. ஆனால் நாம் சிரிப்பதை நிறுத்திவிட்டு அமர்ந்திருந்தது வேறு காரணத்தால்.

கட்டங்கள் என்றதும், இங்கிருந்து வடக்கே சிறிது தொலைவிலுள்ள மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையைச் சொல்லாமற்போக முடியவில்லை. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் பணி. ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் எட்டுக் கைகளோடு கொற்றவை, வில் வளைத்து முன்னேறுகிறாள். எருமைத்தலை அசுரன் தண்டாயுதத்தைப் பற்றியவாறு பின்னே சாய்கிறான், இன்னும் வீழவில்லை. எதிர்ச்சுவரில் பாம்பணைமேல் திருமாலின் அசைவற்ற உறக்கம். நல்ல சித்திரக்கதை ஓவியர் தேர்ந்தெடுக்கும் கணம் அது, வெற்றிக்கு ஒரு நொடி முந்தைய கணம். அந்த அசுரனைச் சிற்பி இழிவாகவும் செதுக்கவில்லை. அரசனுக்குரிய மிடுக்கோடு நிற்கிறான். 2020இல் புனேயைச் சேர்ந்த நிறுவனம் வெளியிட்ட 'ராஜி' என்னும் கணினி விளையாட்டை மகள் ஆடக் கண்டபோது இக்குகை நினைவு வந்தது. தம்பியைத் தேடிச் செல்லும் கழைக்கூத்துச் சிறுமிக்குத் துர்க்கையும் திருமாலும் துணை; இடையிடையே கதை நிழற்பாவைக் கூத்தாக நகர்கிறது. சுவரோவியங்கள் கண்ணுக்கு விருந்து. கதைதான் பாதியில் கயிறறுந்ததுபோல் நிற்கிறது.

சிலந்தி மனிதர் 2002இல் திரையில் தமிழ் பேசினார். பெயர் மட்டும் ஸ்பைடர்மேன் என்றே நின்றது. 2004இல் இந்தியாவுக்கென்று வெளியிட்ட சித்திரக்கதையில் பீட்டர் பார்க்கரைப் பவித்ர பிரபாகர் ஆக்கினார்கள். 2023இல் வந்த அசைவூட்டப் படத்திலும் அவர் வருகிறார், படமும் குறும்பானது. எனினும் இது ஒலிக்கு ஒலி வைத்துக் கட்டிய பெயர். பீட்டரைக் கேட்டுப் பவித்ரன் என்றவர், அவன் யார் என்று கேட்கவில்லை. வேதாளர் என்றவர் கேட்டார். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது என்பது நம் கருத்து. இளைய நண்பர்கள் மறுக்கலாம்.

இரண்டாவது விளையாட்டின் பெயர் 'வெண்பா'. டொராண்டோவிலுள்ள விசை என்னும் தமிழர் நிறுவனம் 2023இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்கு முதற்படைப்புக்கான விருதளித்தது. இதில் அதிமனிதர் இல்லை. எண்பதுகளின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண், அவள் கணவர், அங்கே பிறக்கும் மகன். தாய்வீட்டுச் சமையல் ஏட்டில் தாள்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் கிடக்கின்றன. விட்டுப்போனதை ஊகித்து இட்டலி அவிக்க வேண்டும், புட்டுக்குழலை அடுக்க வேண்டும். ஆற்றல்களிலெல்லாம் பெரிய ஆற்றல் இதில் நீராவி செல்லும் வழியை அறிவது. வளர்ந்த மகன், தாயின் தமிழ்க் குறிப்புகளைப் படிக்கத் தடுமாறிக்கொண்டே சமைக்க முயலும் கட்டம் ஒன்று வருகிறது. நம் மகள் அவ்விடத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டு, "அப்பா, இது நான்தானே?" என்றாள்.

உண்மை. நாடெங்குமிருந்து வந்து குடியேறியவர்கள் வாழும் ஊர் இது. மத்தியப் பாடத்திட்டப் பள்ளி, இரண்டாம் மொழியாக இந்தி, தேர்ந்தெடுத்தவர்கள் நாமே. எட்டாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். தமிழில் வாயாடுவாள், கடைப் பெயர்ப்பலகையை வாசிக்க மூன்று முறை மூச்சு வாங்குவாள். யாப்பிலக்கணம் கற்பிப்பவர் வீட்டில், வெண்பா என்றால் என்ன என்று ஒரு கனடா நாட்டு விளையாட்டு கேட்க வைக்க வேண்டியிருந்தது. ஈற்றடி முச்சீர் என்றெல்லாம் சொல்லத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டோம்.

மறுநாள் அவளே பெட்டியைக் கிளறி, பழைய ராணி காமிக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டாள். கடற்கரையில் ஒதுங்கிய ஒருவன் மண்டையோட்டின்மேல் கைவைத்துச் சூளுரைக்கும் கதை. நாளைக்கு இரண்டு பக்கம் என்று கணக்கு. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிப்பாள். ஊகம் தவறினால் திரும்பி வருவாள். நாம் உதவுவதில்லை என்று ஒப்பந்தம். ஐந்தாம் நாள் அவளே வந்து ஒரு சொல்லைக் காட்டினாள்: கடற்கொள்ளையர். கடல் தெரியும், கொள்ளையர் தெரியும், இடையில் 'ற்' எங்கிருந்து வந்தது?

இதற்கென்றே காத்திருந்தவர் போல லகரம் வல்லினத்தின்முன் றகரமாகத் திரியும் விதியை விளக்கினோம். கல்லும் சிலையும் கற்சிலை. பகலும் பொழுதும் பகற்பொழுது. செங்கல்லும் பட்டும் செங்கற்பட்டு என்று பழைய பலகைகளில் காணலாம் என்றும் சொன்னோம். அவள் சற்று நேரம் யோசித்தாள்.

"அப்படீன்னா நம்ம ஊர் ஏன்ப்பா கற்பாக்கம் இல்ல?"

மூன்று வாரமாகிறது. இன்னும் விடை சொல்லவில்லை. அவள் இருபத்தாறாம் பக்கத்தில் இருக்கிறாள்.